எல்லாப் பாஸ்வேர்டையும் உடைக்க முடியாது

“பாஸ்வேர்டு மறந்துபோச்சா? கவலைப்படாதீங்க சார், எல்லாத்தையும் உடைக்கலாம். கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான்.” கணினிப் பழுது பார்க்கும் கடைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. சொல்பவர் உறுதியாகச் சொல்கிறார், கேட்பவர் நிம்மதியாகிறார். பூட்டு என்றால் மாற்றுச் சாவி ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் பூட்டுக்காரர் ஒருவர் கிடைப்பார், அவரும் கைவிரித்தால் பூட்டைச் செய்த கம்பெனியிடம் கேட்கலாம் என்பதுதான் இந்த நம்பிக்கைக்கு அடிப்படை. இன்றைய எக்செல், வேர்டு ஃபைல்களுக்கு இந்த மூன்றுமே கிடையாது. தவறான ஒரு நம்பிக்கை யாருக்கும் கெடுதல் செய்யாமல் கிடந்தால் விட்டுவிடலாம். இது மக்களின் பணத்தைக் கரைக்கிறது, ரகசியங்களை முன்பின் தெரியாதவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, உண்மையில் மீட்கக்கூடிய ஃபைலைக்கூட மீட்க விடாமல் செய்கிறது. அதனால் மறுத்தாக வேண்டும்.

இந்த நம்பிக்கை ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் 95 வரை வந்த வேர்டும் எக்செல்லும், பாஸ்வேர்டு போட்ட ஃபைலை எக்ஸ்-ஆர் என்ற மிக எளிய கணக்கைக் கொண்டு கலைத்து வைத்தன. நிரல் எழுதத் தெரிந்த எவரும் அதை நொடியில் நேராக்கிவிடலாம். ஆபீஸ் 97இல் ஆர்சி4 என்ற முறையான மறைகுறியாக்கம் வந்தது. ஆனால் சாவியின் நீளம் 40 பிட் மட்டுமே. வலுவான மறைகுறியாக்க மென்பொருளை வெளிநாடுகளுக்கு விற்பதற்கு அமெரிக்க அரசு அப்போது கடும் கட்டுப்பாடு வைத்திருந்தது. சுலபமாக அனுமதி கிடைத்தது 40 பிட் சாவிக்குத்தான். 2000 ஜனவரியில் அந்தக் கட்டுப்பாடு பெருமளவு தளர்ந்தது. ஆனாலும் ஆபீஸ் 2003 வரை, பயனர் தானாக எதையும் மாற்றாவிட்டால், அதே 40 பிட் முறையே தொடர்ந்தது.

40 பிட் என்றால் மொத்தம் 1,09,951 கோடி சாவிகள். கேட்க மலைப்பாக இருக்கும். ஒரு சாதாரண கிராபிக்ஸ் கார்டுக்கு இது சில மணி நேர வேலை. இங்கே பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நீங்கள் எவ்வளவு நீளமான பாஸ்வேர்டு வைத்திருந்தாலும், கடைசியில் அது அந்த 1,09,951 கோடி சாவிகளில் ஒன்றாகத்தான் சுருங்கும். சாவியையே தேடி எடுத்துவிட்டால் ஃபைல் திறந்துவிடும். ஆபீஸ் எக்ஸ்பி, 2003 ஆகியவற்றில் 128 பிட்டைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஃபைலைத் திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் எழுத்துகளை மறைக்கும் அதே சாவியோட்டம் மறுபடி பயன்படுவதை 2005இல் சிங்கப்பூரில் ஹோங்ஜுன் வூ என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். அந்தக் காலத்து .டாக், .எக்ஸ்எல்எஸ் ஃபைல்களைத் திறந்து கொடுத்த டெக்னீஷியன்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய அனுபவம் உண்மை. அந்த அனுபவத்தின் காலம்தான் முடிந்துவிட்டது.

ஆபீஸ் 2007இல் எல்லாம் மாறியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வடிவமைத்து, 2001இல் அமெரிக்க அரசின் தரமாக அறிவிக்கப்பட்ட ஏஇஎஸ் முறை உள்ளே வந்தது. முதலில் 128 பிட். ஆபீஸ் 2016இலிருந்து இயல்பாகவே 256 பிட். இதன் சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைப் பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை. 256 பிட் சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கம் வரும். ஆகவே தாக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான்: மனிதர் தேர்ந்தெடுத்த பாஸ்வேர்டு.

அங்கேயும் ஒரு தடுப்பு இருக்கிறது. நீங்கள் பாஸ்வேர்டைத் தட்டியதும் எக்செல் அதை அப்படியே பயன்படுத்துவதில்லை. ஃபைலுக்கு ஃபைல் மாறும் 16 பைட் சீரற்ற எண் ஒன்றை அதோடு சேர்த்து, ஹாஷ் கணக்கு ஒன்றைப் போடுகிறது. வந்த விடைக்கு மறுபடி அதே கணக்கு. அந்த விடைக்கு மறுபடியும். ஆபீஸ் 2007இல் இப்படி 50,000 முறை. 2010இலிருந்து 1,00,000 முறை. 2013இலிருந்து அதற்குப் பயன்படுவது எஸ்எச்ஏ-512 என்ற இன்னும் கனமான கணக்கு. சரியான பாஸ்வேர்டு தெரிந்தவருக்கு ஃபைல் திறக்க ஒரு கண்ணிமைப்பு கூடுதலாகும், அவ்வளவே. தெரியாமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவர் ஒவ்வொரு முயற்சிக்கும் லட்சம் கணக்குப் போட்டாக வேண்டும்.

இதை எண்ணில் பார்ப்போம். ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு விநாடிக்கு 20,000 பாஸ்வேர்டுகளைச் சோதிக்கிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் மூன்றும் கலந்து எட்டு எழுத்தில் பாஸ்வேர்டு போட்டால் மொத்த வாய்ப்புகள் சுமார் 218 லட்சம் கோடி. அத்தனையையும் போட்டுப் பார்க்க அந்தக் கார்டுக்கு 346 ஆண்டுகள் ஆகும். நூறு கார்டுகளை வாடகைக்கு எடுத்தால் மூன்றரை ஆண்டு. இன்னும் இரண்டே எழுத்து கூடிப் பத்தாகிவிட்டால், அதே நூறு கார்டுகளுக்கும் 13,000 ஆண்டுகளுக்கு மேல். “கொஞ்சம் செலவாகும்” என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டி, எந்த எண் தவறு என்று கேட்க வேண்டும்.

“கணக்கு கிடக்கட்டும், என் கண் முன்னால் திறந்து காட்டினார்களே” என்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன். அப்படித் திறந்து காட்டப்பட்டவற்றில் பெரும்பகுதி பூட்டப்பட்ட ஃபைலே இல்லை. எக்செல்லில் ‘ஷீட்டைப் பாதுகாக்கவும்’ என்று ஒரு வசதி உண்டு. ஃபைல் தாராளமாகத் திறக்கும், எண்களைப் படிக்கலாம், கட்டங்களில் திருத்தம் செய்ய மட்டும் பாஸ்வேர்டு கேட்கும். இதில் மறைகுறியாக்கம் துளியும் கிடையாது. .எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பெயரின் கடைசியில் .ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே ஷீட்டுக்கு ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். அதில் பாதுகாப்பைக் குறிக்கும் ஒரே ஒரு வரியை அழித்துவிட்டு மறுபடி பொட்டலமாக்கினால் பூட்டு போய்விடும். பழைய எக்செல்லில் இதற்கு இன்னொரு குறுக்குவழியும் இருந்தது. பாஸ்வேர்டு எதுவானாலும் வெறும் 16 பிட் எண்ணாகச் சுருக்கி வைத்ததால், 1,94,560 சேர்க்கைகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கும் சின்ன மேக்ரோ ஒன்று சில நிமிடங்களில் பொருந்தும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துவிடும். அலுவலகம் அலுவலகமாகச் சுற்றி வந்த அந்த மேக்ரோதான் ‘எக்செல் பாஸ்வேர்டை உடைக்கலாம்’ என்ற பேச்சைப் பரப்பியது.

உங்கள் ஃபைல் எந்த வகை என்று அறிய யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஃபைலை ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒன்றும் புரியாத எழுத்துகளாகத்தான் இருக்கும். முதல் இரண்டு எழுத்து மட்டும் போதும். ஆங்கிலத்தில் ‘பிகே’ என்று தொடங்கினால் அது ஜிப் பொட்டலம், பூட்டப்படாதது. (ஜிப் வடிவத்தை உருவாக்கிய பில் காட்ஸ் தன் பெயரின் முதலெழுத்துகளை அங்கே பதித்துவிட்டுப் போயிருக்கிறார்.) .எக்ஸ்எல்எஸ்எக்ஸ் அல்லது .டாக்எக்ஸ் என்று பெயர் இருந்தும் ‘பிகே’ இல்லாமல் வேறு எழுத்துகளில் தொடங்கினால், பெரும்பாலும் முழுப் பொட்டலமும் ஏஇஎஸ்ஸில் மறைக்கப்பட்டு வேறோர் உறைக்குள் கிடக்கிறது என்று பொருள். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் இரண்டுக்கும் ஒரே வாக்குறுதி கொடுப்பதை நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

“மைக்ரோசாப்டிடம் கேட்டால் திறந்து தருவார்கள்” என்பது அடுத்த நம்பிக்கை. தர மாட்டார்கள், தரவும் முடியாது. பாஸ்வேர்டு அவர்களுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. ஃபைலுக்குள்ளும் அது எழுதி வைக்கப்படுவதில்லை. பாஸ்வேர்டு போடும் பெட்டியிலேயே, இதை மறந்தால் மீட்க முடியாது, பட்டியல் எழுதிப் பத்திரமான இடத்தில் வையுங்கள் என்று எச்சரிக்கை தெரிகிறது. யாரும் படிப்பதில்லை. நிறுவனங்களுக்கென்று ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. ஆபீஸ் 2013 வந்தபோது டாக்ரீகிரிப்ட் என்ற கருவியை மைக்ரோசாப்ட் கொடுத்தது. அலுவலகக் கணினிகளில் ஒரு சான்றிதழை முன்கூட்டியே நிறுவி வைத்தால், அதன் பிறகு ஊழியர்கள் பூட்டும் ஃபைல்களை ஐடி நிர்வாகி திறக்கலாம். ‘முன்கூட்டியே’ என்பதுதான் இதில் உயிர்நாடி. நேற்றுப் பூட்டிய ஃபைலுக்கு இன்று நிறுவும் சான்றிதழ் உதவாது.

நார்வேயில் நடந்த ஒன்றை, எல்லாவற்றையும் உடைக்கலாம் என்ற நம்பிக்கைக்குச் சாட்சியாகச் சொல்பவர்கள் உண்டு. ஐவர் ஓசன் பெயரில் அங்கே ஒரு மொழி மையம் இருக்கிறது. ரெய்டார் யூபெடால் என்ற மொழியறிஞர் சேர்த்த பெரிய நூல் தொகுதி அதற்குக் கிடைத்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களின் அட்டவணை கணினியில் இருந்தது, ஆனால் பாஸ்வேர்டோடு. அவர் 1989இல் இறந்துவிட்டார். திறக்க வழி தெரியாமல் 2002இல் அந்த மையம் உலகத்திடமே உதவி கேட்டது. சில மணி நேரத்தில் விடை வந்தது: அவருடைய குடும்பப் பெயரைத் தலைகீழாக எழுதியதுதான் பாஸ்வேர்டு. “பார்த்தீர்களா, உடைத்துவிட்டார்கள்” என்பார்கள். அந்தப் பெட்டகம் திறந்ததற்குக் காரணம், மென்பொருள் பழையது, பாஸ்வேர்டு அவர் பெயர். அந்த அறிஞர் கண்டபடி பத்து எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து இன்றைய எக்செல்லில் பூட்டியிருந்தால், அந்த மையம் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக மறுபடி பதிந்திருக்கும்.

குற்றப் புலனாய்வு ஆய்வகங்கள் திறக்கின்றனவே என்று கேட்டால், ஆம், சில சமயம் திறக்கின்றன. எப்படி? கைப்பற்றிய கணினியின் பிரவுசரில் சேமித்திருக்கும் மற்ற பாஸ்வேர்டுகளை எடுக்கிறார்கள். ஹார்டு டிஸ்கில் இருக்கும் கடிதங்களிலிருந்தும் பெயர்களிலிருந்தும் ஒரு சொற்பட்டியல் கட்டுகிறார்கள். அந்த மனிதர் எப்படி யோசிப்பார் என்பதைத்தான் தேடுகிறார்கள். ஹாஷ்கேட், ஜான் தி ரிப்பர் போன்ற இலவசக் கருவிகளும் அதே வேலையைச் செய்பவைதான். நீங்கள் கொடுக்கும் ஊகத்தை அவை வேகமாகத் தட்டிப் பார்க்கும். ஊகம் இல்லாவிட்டால் அவற்றுக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இங்கேதான் அந்தப் பொய் நம்பிக்கை செய்யும் பெரிய கெடுதல் இருக்கிறது. மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர் பூட்டிய மனிதரிடம் கேட்பதே இல்லை. ஓர் அறக்கட்டளை அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் இருந்த எக்செல் ஃபைல் திறக்கவில்லை. கணக்குப் பார்த்த அம்மா ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கடை கடையாக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள், சோதனைப் பதிப்பு மென்பொருள்களை இறக்கினார்கள், பணமும் கட்டினார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு போன் போட யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் வந்த இளம் டெக்னீஷியன் முதல் வேலையாக அதைச் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“மேடம், அந்த ஃபைலுக்கு என்ன போட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

“அப்படியே ஞாபகம் இல்லப்பா. நான் எப்பவும் எங்க குலதெய்வம் பேருதான் போடுவேன். பின்னாடி ஏதாவது நம்பர் இருக்கும்.”

“என்ன சாமி மேடம்?”

“அங்காளம்மன்.”

“இங்கிலீஷ்ல எப்படி எழுதுவீங்க? ‘ங்கா’வுக்கு ஜி போடுவீங்களா, கே போடுவீங்களா?”

அந்தக் கேள்வியில்தான் முழு வித்தையும் இருக்கிறது. நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுத ஒரே வழி கிடையாது. செந்திலுக்கு ‘டிஎச்’சும் உண்டு, ‘டி’யும் உண்டு. கீதாவுக்கு இரண்டு ‘இ’யா, ஒரு ‘ஐ’யா? கசிந்த பாஸ்வேர்டுகளைத் திரட்டி வைத்த உலகப் பட்டியல்களில் நம் குலதெய்வங்களின் பெயர்களை நாம் எழுதும் விதம் எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ரேஷன் கார்டில், பாங்கு பாஸ்புக்கில் அவர் எப்படி எழுதுகிறார் என்று கேட்டால் தெரிந்துவிடும். பெயருக்கு இருபது விதமான எழுத்துக்கூட்டல், பின்னால் நான்கு இலக்க எண் என்று வைத்தால் மொத்தம் இரண்டு லட்சம் வாய்ப்புகள். முந்தைய கணக்குப்படி பத்து விநாடி. அந்த ஃபைல் திறந்தது. எண், அந்த அம்மாவின் ஸ்கூட்டர் நம்பர்.

பலருடைய பாஸ்வேர்டுகள் இப்படி ஏதோ ஒரு வாய்ப்பாட்டில் அடங்குபவைதான். பெயரின் முதல் நான்கு எழுத்தையும் பிறந்த ஆண்டையும் சேர்த்துப் போட்டால் திறக்கும் இ-ஆதார் பிடிஎஃப் நம் எல்லோருக்கும் பழக்கம். அதே பழக்கத்தில் சொந்த ஃபைலையும் பூட்டுகிறோம். ஆறு இலக்க எண்ணா? ஐம்பது விநாடி. நூறு ஆண்டுகளில் வரும் ஏதோ ஒரு பிறந்த தேதியா? இரண்டு விநாடி. கேப்ஸ் லாக் அழுத்தியிருந்ததா, தமிழ் விசைப்பலகை மாறாமல் இருந்ததா என்பதையும் யோசிக்க வேண்டும். திரையில் புள்ளிகள்தானே தெரிந்திருக்கும். நினைவின் ஒரு நுனி கிடைத்தால் போதும். நுனியே இல்லை, எழுத்துகள் கண்டபடி தேர்ந்தெடுத்தவை என்றால், தேட வேண்டியது பாஸ்வேர்டை அல்ல, உள்ளே இருந்த தகவலை. பூட்டுவதற்கு முன் ஆடிட்டருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய பிரதி, அச்செடுத்து ஃபைல் செய்த தாள், ஒன்டிரைவில் தங்கிய முந்தைய பதிப்பு, பழைய பென்டிரைவ். இவற்றில் தேடும் ஒரு மதிய நேரம், மென்பொருளை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கும் மாதங்களைவிடப் பலன் தரும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு ‘இலவசமாகத் திறந்து தருகிறோம்’ என்று அழைக்கும் இணைய சேவைகளில் ஃபைலை ஏற்றுகிறார்கள். ஒரு ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டதற்கே காரணம் அதில் சம்பளமோ, வங்கிக் கணக்கோ, நோயாளியின் விவரமோ, ஆதார் எண்களோ இருப்பதுதான். அடுத்த மேசைக்காரர் பார்க்கக் கூடாது என்று பூட்டியதை, எந்த நாட்டில் எந்தக் கணினியில் சேமிக்கப்படுகிறது என்றே தெரியாத இடத்துக்கு நம் கையாலேயே அனுப்புகிறோம். அவர்கள் திறந்துவிட்டால் உள்ளே இருப்பது அவர்களுக்கும் தெரியும். திறக்காவிட்டால் ஃபைல் அங்கேயே கிடக்கும். மற்றவர்களைப் பற்றிய விவரங்களைக் கையில் வைத்திருப்பவருக்கு இப்படிச் செய்ய உரிமை கிடையாது.

இன்னொரு வாதம் நல்லெண்ணத்தோடு வருகிறது: “மறப்பது மனித இயல்பு. கம்பெனிக்காரன் அவசரத்துக்கு ஒரு பின்வாசல் வைத்திருக்க வேண்டாமா?” இறந்துபோன கணவரின் கணக்கு ஃபைலைத் திறக்க முடியாமல் நிற்கும் மனைவி இதைக் கேட்டால் நெஞ்சு கனக்கும். ஆனாலும் பதில் வேண்டாம் என்பதுதான். மேலே சொன்ன 40 பிட் வரலாற்றை மறுபடி பாருங்கள். ஓர் அரசின் வசதிக்காக உலகம் முழுவதற்கும் பலவீனமான சாவி விற்கப்பட்டது. அந்தப் பலவீனம் அரசோடு நிற்கவில்லை. பத்தாண்டில் அது கடைத்தெரு வித்தையாகி, இன்று கல்லூரி மாணவரின் லேப்டாப் வரைக்கும் வந்துவிட்டது. 1990களின் கடைசியில் வக்கீல்களும் மருத்துவமனைகளும் நம்பிப் பூட்டிய ஃபைல்கள் இன்று எவர் கையிலும் திறக்கும். நல்லவருக்கு மட்டும் திறக்கும் பின்வாசல் கணிதத்தில் கிடையாது. அந்த மனைவிக்குத் திறக்கும் வழி, அந்த லேப்டாப்பைத் திருடியவருக்கும் திறக்கும்.

மறதிக்கு மருந்து பூட்டைப் பலவீனமாக்குவதில் இல்லை, சாவியைப் பத்திரப்படுத்துவதில் இருக்கிறது. பாஸ்வேர்டைத் தாளில் எழுதக் கூடாது என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். மானிட்டரில் ஒட்டக் கூடாது, சரி. உறையில் போட்டு, ஃபைலின் பெயரையும் தேதியையும் எழுதி, அலுவலக இரும்புப் பெட்டியிலோ வீட்டு லாக்கரிலோ வைப்பதில் என்ன தவறு? இணையத்தில் திருடுபவரால் அந்த லாக்கரைத் தொட முடியாது. ஓர் ஊழியர் மட்டுமே அறிந்த பாஸ்வேர்டோடு நிறுவனத்தின் கணக்கு கிடப்பது நிர்வாகத்தின் குறை. அவர் ஓய்வு பெறும் நாளில் மேசைச் சாவியை வாங்குகிறீர்கள், அடையாள அட்டையை வாங்குகிறீர்கள். அந்த உறையையும் வாங்க வேண்டும்.

கணினித் தொழிலில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூட்டிய ஃபைலோடு ஒருவர் வந்தால், அது எந்த ஆபீஸ் பதிப்பில் பூட்டியது, ஷீட் பூட்டா முழுப் பூட்டா என்று பார்த்துச் சொல்லுங்கள். பூட்டியவர் உயிரோடு இருந்தால் அவரிடம் பேசச் சொல்லுங்கள். முன்பணம் வாங்குவதற்கு முன் மேலே உள்ள கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். முடியாது என்றால், முடியாது என்று சொல்லுங்கள்.